இடம் தெரியாத கொலைகாரன்

(முன்குறிப்பு: ‘ஹாலோவீன்’, ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’, ‘வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்’, ‘ஸ்க்ரீம்’ ஆகிய படங்களின் தொடக்கக் காட்சிகளும் சில முடிவுகளும் இப்பதிவில் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. பார்க்க எண்ணியிருப்போர் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

ஸ்லாஷர் படங்களை இகழ்வோரும் போற்றுவோரும் ஒரு செய்தியில் மட்டும் உடன்படுவதைக் காண்கிறேன். அவை குருதியைக் காட்டி அச்சுறுத்துகின்றன என்பதே அது. இகழ்வோர் அதனை மலிவான உத்தி என்கின்றனர். போற்றுவோர் அந்த மலிவிலும் ஒரு களிப்பு உண்டு என்கின்றனர். ஆனால் இவ்வகையின் சிறந்த தொடக்கக் காட்சிகளை மீண்டும் பார்த்தால் இக்கருத்து நிலைக்காது. ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) படத்தின் முதற்காட்சியில் நாம் காணும் குருதி மிகக் குறைவு. ஃப்ரெட் வால்டன் இயக்கிய ‘வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்’ (1979) படத்தின் முதல் 20 நிமிடங்களில் நம் கண்முன் ஒருவரும் கொல்லப்படுவதில்லை. வெஸ் கிரேவனின் ‘ஸ்க்ரீம்’ (1996) ஏறத்தாழ 12 நிமிட நீளமுள்ள தன் தொடக்கத்தின் பெரும்பகுதியை ஒரு தொலைபேசி உரையாடலுக்கே ஒதுக்குகிறது. இவ்வகைப் படங்களின் தொடக்கங்களுள் அதிகம் பேசப்பட்டவை இவையே என்னும்போது, அச்சம் கத்தியிலிருந்து பிறக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மொழி நம் ஒவ்வொருவரையும் ஓர் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. இக்காட்சிகள் அந்த இடங்களைக் குலைக்கின்றன. அச்சம் அங்கிருந்து பிறக்கிறது. இதுவே என் கருத்து.

தமிழிலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றையும் சேர்த்து ‘மூவிடம்’ என்கிறது. ஆங்கில இலக்கணம் ‘ஆள்’ என்று எண்ணுவதைத் தமிழ் ‘இடம்’ என்று எண்ணுகிறது. பேசுவோர் நிற்கும் இடம், கேட்போர் நிற்கும் இடம், இவ்விருவருக்கும் அப்பாற்பட்ட இடம். ஜெர்மானிய அறிஞர் கார்ல் பியூலர் 1934இல் வெளியிட்ட மொழிக்கோட்பாட்டு நூலில் இதற்கு நெருங்கிய ஒரு கருத்தை முன்வைத்தார். ‘நான்’, ‘இங்கே’, ‘இப்போது’ ஆகிய மூன்றும் ஒரே மையப்புள்ளியிலிருந்து அளக்கப்படுபவை என்றார் அவர். ‘அவன் அங்கே இருக்கிறான்’ என்று நம்மால் சொல்ல முடிகிற வரையில் ஒரு பாதுகாப்பு உண்டு. அவன் படர்க்கையில் இருக்கிறான், அங்கே இருக்கிறான், நமக்கும் அவனுக்கும் இடையில் அளக்கத்தக்க தொலைவு இருக்கிறது. நல்ல ஸ்லாஷர் தொடக்கம் முதலில் இந்தப் படர்க்கையைத்தான் பறிக்கிறது.

‘ஹாலோவீன்’ படத்திலிருந்து தொடங்கலாம். இல்லினாய் மாநிலத்தின் ஹாடன்ஃபீல்ட் என்னும் கற்பனை ஊர், 1963ஆம் ஆண்டின் ஹாலோவீன் இரவு. கேமரா ஒரு வீட்டை நெருங்குகிறது. சன்னல் வழியே ஓர் இளம்பெண்ணையும் அவள் காதலனையும் பார்க்கிறது. அவர்கள் மாடிக்குச் செல்கின்றனர். மாடியறை விளக்கு அணைகிறது. கேமரா வீட்டைச் சுற்றிப் பின்புறம் சென்று சமையலறைக்குள் நுழைகிறது. ஒரு கை இழுப்பறையிலிருந்து பெரிய கத்தியை எடுக்கிறது. காதலன் வெளியேறியபின் கேமரா மாடியேறுகிறது. ஒரு முகமூடி அணியப்படுகிறது. அதுமுதல் இரண்டு கண்துளைகளின் வழியாகவே நாம் பார்க்கிறோம். பேனாக்ளைட் என்னும் கருவி கேமராவை உடலோடு பிணைத்து அதிராமல் நகரச் செய்ததால், ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் இடைவெட்டு எதுவும் நம் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

இது தன்மையிடத்தில் சொல்லப்பட்ட காட்சி. ஆயினும் இந்த ‘நான்’ யாருக்கும் உரியதன்று. கேமரா வளர்ந்த ஒருவரின் கண்மட்டத்தில் நகர்கிறது. கத்தியை எடுக்கும் கை, படத்தின் தயாரிப்பாளரும் இணை எழுத்தாளருமான டெப்ரா ஹில்லின் கை. கதையின்படி அந்தப் பார்வைக்கு உரியவனோ ஆறு வயதுச் சிறுவன். மூன்று வெவ்வேறு உடல்களைத் தைத்து ஒரு ‘நான்’ உருவாக்கப்பட்டிருக்கிறது. அந்த ‘நான்’ என்னும் இருக்கையில் நம்மை அமர்த்திவிட்டு, அது யாருடையது என்று சொல்ல மறுக்கிறது படம்.

காட்சியின் இறுதியில் ஒரு பெயர் இருமுறை ஒலிக்கிறது. கண்ணாடியின் முன் அமர்ந்திருக்கும் அக்காள் ஜூடித் திரும்பிப் பார்த்து ‘மைக்கேல்’ என்கிறாள். அது விளி, அவளுக்கு ஆளைத் தெரியும். கொலைக்குப் பின் வீட்டு வாசலில் முகமூடியைக் கழற்றும் தந்தை அதே பெயரைச் சொல்கிறார். அது வினா, அவருக்குத் தெரிந்த மகன் இப்போது தெரியாதவனாகிவிட்டான். அப்போதுதான் கேமரா தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாறி அச்சிறுவனின் முகத்தை நமக்குக் காட்டுகிறது. முகம் தெரிந்தால் அச்சம் தணியவேண்டும். இங்கே அது கூடுகிறது. நான்கு நிமிடங்கள் நாம் ‘நான்’ என்று பார்த்த பார்வையை அந்த முகத்தில் எங்கே வைப்பதென்று நமக்குத் தெரியவில்லை.

தன்மைக்கு இன்னொரு பண்பும் உண்டு. தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் படர்க்கை வினைகள் பால் காட்டும், ‘வந்தேன்’ காட்டாது. 1980இல் ஷான் கன்னிங்ஹாம் இயக்கிய ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ இப்பண்பைத் தன் கதைமுடிச்சாகவே ஆக்கிக்கொண்டது. 1958ஆம் ஆண்டின் ஒரு கோடை முகாமில் தொடங்கும் அதன் முதற்காட்சியிலும் கொலையாளியின் கண்ணே கேமரா. தனித்திருந்த இளையோர் இருவர் திடுக்கிட்டு எழுகின்றனர். இளைஞன் தாங்கள் தவறேதும் செய்யவில்லை என்று கேமராவை நோக்கி விளக்கம் சொல்கிறான். எதிரில் நிற்பவர் அவனுக்குத் தெரிந்தவர் என்பது அந்தக் குரலிலேயே இருக்கிறது. நமக்கு மட்டும் தெரியவில்லை. கொலையாளி ஒரு தாய் என்பது இறுதியில்தான் வெளிப்படும். ‘நான்’ என்பதற்குப் பால் இல்லாததால் நாமாக அதற்கு ஆண்பாலைச் சேர்த்துவிடுகிறோம்.

இந்தத் தன்மைக் கேமராவின் மீது ஓர் அறக்குற்றச்சாட்டும் எழுந்தது. அமெரிக்க விமரிசகர்கள் ஜீன் சிஸ்கலும் ரோஜர் ஈபர்ட்டும் 1980இல் ஒரு முழுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை இதற்கென ஒதுக்கி, இப்படங்கள் பார்வையாளரைக் கொலையாளியின் பக்கம் அமர்த்துகின்றன என்று கண்டித்தனர். ‘ஹாலோவீன்’ படத்துக்கு மட்டும் இருவரும் விலக்களித்தனர். பழைய நார்ஸ் இலக்கிய அறிஞரான கேரல் குளோவர் 1992இல் வெளியான தம் நூலில் இதற்கு மறுபக்கத்தைக் காட்டினார். கேமரா யாருடைய கண்ணில் இருக்கிறது என்பதும் பார்வையாளர் மனம் யாரிடம் இருக்கிறது என்பதும் வேறுவேறு என்றார். இறுதிவரை உயிர் பிழைத்துப் போராடும் பெண்ணுக்கு அவர் கொடுத்த ‘ஃபைனல் கேர்ள்’ என்னும் பெயர் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. நான் குளோவரின் பக்கம் நிற்கிறேன். பிறருடைய ‘நான்’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம், கேட்பதனால் அவராகிவிடுவதில்லை. உரியவர் தெரியாத ‘நான்’ ஒன்றில் அடைபடுவது கூட்டாளியாவதைக் காட்டிலும் சிறைப்படுவதற்கே நெருக்கமானது.

அடுத்து, வினைச்சொல்லில் ஒளிந்திருக்கும் இடம். தொல்காப்பியம் வருதல், தருதல் என்னும் வினைகளைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியனவாகவும், செல்லுதல், கொடுத்தல் என்னும் வினைகளைப் படர்க்கைக்கு உரியனவாகவும் பிரிக்கிறது. ‘வருகிறான்’ என்று சொல்லும்போதே அவன் நடையின் முடிவில் பேசுவோரோ கேட்போரோ நிற்கின்றனர். ‘போகிறான்’ என்பதில் அப்படி ஒருவரும் இல்லை. ‘வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்’ படத்தின் முதல் 20 நிமிடங்களைப் புரிந்துகொள்ள இந்த நூற்பாக் கருத்து எனக்குப் பெரிதும் உதவியது.

அமெரிக்காவில் நெடுநாளாக வழங்கிவந்த வாய்மொழிக் கதை ஒன்றே இக்காட்சிக்கு அடிப்படை. வால்டன் முதலில் இதனை ‘தி சிட்டர்’ என்னும் குறும்படமாக எடுத்து, பின்னர் முழுநீளப் படத்தின் தொடக்கமாக விரித்தார். ஜில் என்னும் பதின்பருவப் பெண் ஒரு மருத்துவரின் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறாள். குழந்தைகள் மாடியில் உறங்குகின்றனர். தொலைபேசி ஒலிக்கிறது, குழந்தைகளைப் பார்த்தாயா என்று ஓர் ஆண்குரல் கேட்கிறது. இவ்வளவுதான். மீண்டும் மீண்டும் அதே கேள்வி.

கேள்வியின் அமைப்பைக் கவனிக்கவேண்டும். மிரட்டலுக்குரிய சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அக்கறையுள்ள ஓர் உறவினரும் இதையே கேட்கக்கூடும். ஆனால் அதனைக் கேட்பவனுக்கு இரண்டு செய்திகள் முன்னமே தெரிந்திருக்கவேண்டும்: அவ்வீட்டில் குழந்தைகள் உள்ளனர், அவள் அவர்களைப் பார்க்கவில்லை. அறிமுகமற்றவன் ஒருவன் இவ்விரண்டையும் எவ்வாறு அறிந்தான்? வெளியிலிருந்து எவனோ உளவு பார்க்கிறான் என்று ஜில் முடிவு செய்கிறாள். கதவுகளைப் பூட்டுகிறாள், காவல்துறையை அழைக்கிறாள். அவளுடைய தற்காப்பு முழுவதும் ‘அவன் வெளியே, நான் உள்ளே’ என்னும் ஒரே கணக்கின்மீது நிற்கிறது. அழைப்பின் தடத்தைக் கண்டறிந்த காவலர் அது அதே வீட்டுக்குள்ளிருந்து வருகிறது என்று சொல்லும்போது அக்கணக்கு சரிகிறது. ‘வருவான்’ என்று அஞ்சியிருந்தாள். அவன் எப்போதோ வந்துவிட்டான். வெளியே நிறுத்துவதற்காகப் பூட்டிய கதவே இப்போது அவள் வெளியேறத் தடையாகிறது. காட்சியில் புதிதாக ஒருவரும் நுழையவில்லை, எதுவும் இடம்பெயரவில்லை. ‘அங்கே’ என்று நினைத்திருந்தது ‘இங்கே’ என்று திருத்தப்பட்டது, அவ்வளவே. அத்திருத்தத்தில் பிறக்கும் அச்சத்துக்கு ஈடான ஒன்றை அப்படத்தின் எஞ்சிய பகுதியில் நான் காணவில்லை.

எஞ்சியது முன்னிலை. ‘ஸ்க்ரீம்’ அதனைக் கையாண்ட விதத்தை இவ்வகையின் உச்சமாகக் கருதுகிறேன்.

தொலைபேசி உரையாடலின் தொடக்கத்தை முதன்முதலில் நுணுகி ஆராய்ந்தவர்களுள் இமானுவேல் ஷெக்லாஃப் குறிப்பிடத்தக்கவர். 1968இல் வெளியான அவரது கட்டுரை ஏறத்தாழ 500 அழைப்புகளை அடிப்படையாகக் கொண்டது. மணியோசை ஓர் அழைப்பாணை போன்றது. எடுத்தவர் முதலில் பேசவேண்டும். எடுத்தவர் பேசியபின் அழைத்தவருக்குப் பேச்சைத் தொடரும் உரிமையும் கடமையும் உண்டு. இந்த ஒழுங்குக்குள் ஒரு சமனின்மை உள்ளது. தரைவழித் தொலைபேசிக் காலத்தில், அழைத்தவருக்கு யாரை அழைக்கிறோம் என்று தெரியும்; எடுத்தவருக்கு யார் அழைக்கிறார் என்று தெரியாது. அழைத்தவர் தம் பெயரைச் சொல்லி அச்சமனின்மையை நேர்செய்வதே நாகரிகம்.

‘ஸ்க்ரீம்’ படத்தின் தலைப்போடு சேர்ந்தே தொலைபேசி மணி ஒலிக்கிறது. ட்ரூ பேரிமோர் நடித்த கேசி எடுக்கிறாள். அழைத்தவன் பெயர் சொல்வதில்லை. அவளிடம் யாரென்று கேட்கிறான். அவள் எந்த எண் வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறாள். தவறான எண் என்று முடிகிறது. மீண்டும் மணி, மன்னிப்புக் கேட்க அழைத்தானாம். மீண்டும் மணி. அடுப்பில் பாப்கார்ன் பொரிந்துகொண்டிருக்கிறது. பேய்ப்படங்களைப் பற்றிப் பேச்சு வளர்கிறது. கேசி சற்றே இளகுகிறாள். அவன் அவள் பெயரைக் கேட்கிறான். ஏன் என்கிறாள். யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள என்கிறான் அவன்.

முன்னிலை என்னும் சொல்லின் பொருளே முன்னால் நிற்கும் நிலை. தொலைபேசியில் நாம் ‘நீ’ என்று விளிப்பவர் முன்னால் நிற்பதில்லை. அந்த ‘நீ’ ஒரு வழக்கு, ஓர் உருவகம். அந்த ஒற்றை விடை உருவகத்தை உண்மையாக்கிவிடுகிறது. அதற்கடுத்த நொடிகளைப் பலர் கவனிப்பதில்லை. என்ன சொன்னாய் என்று கேசி கேட்கிறாள். யாரோடு பேசுகிறேன் என்று தெரிந்துகொள்ள என்றுதான் சொன்னதாக அவன் வினையை மாற்றிவிடுகிறான். நீ சொன்னது அதுவன்று என்கிறாள் அவள். வேறு என்ன சொன்னதாக நினைக்கிறாய் என்கிறான் அவன். தவறாகச் சொன்னதை மாற்றிச் சொல்வது அன்றாட உரையாடலில் இயல்பான செயல். இங்கே அதே வழிமுறை அவளைத் தன் காதையே ஐயுறச் செய்யும் கருவியாகிறது. கத்தி வெளிப்படுவதற்கு நெடுநேரம் முன்னரே அவளிடமிருந்து பறிக்கப்பட்டது எது என்பதை இந்த நான்கு வாக்கியங்கள் காட்டுகின்றன.

படப்பிடிப்பிலும் இந்தச் சமனின்மை காக்கப்பட்டது. குரல் கொடுத்த ரோஜர் ஜாக்சன் தளத்திலேயே மறைவில் இருந்து உண்மையான தொலைபேசி வழியே பேசினார். பேரிமோர் அவரைப் பார்க்கவில்லை. பின்னர் வரும் வினாடி வினாவும் இவ்வகையின் இலக்கணத்தை அறிந்தே எழுதப்பட்டது. ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ கொலையாளி யார் என்ற கேள்விக்குக் கேசி மகனின் பெயரைச் சொல்கிறாள். விடை தாய். மேலே சொன்ன பால்மயக்கத்தில்தான் அவள் தோற்கிறாள்.

இவ்விடத்தில் ஒரு வலுவான மறுப்புக்கு விடை சொல்லவேண்டும். அச்சம் இசையில் இருக்கிறது, இலக்கணத்தில் அன்று என்பர். இதற்குச் சான்றும் உண்டு. ‘ஹாலோவீன்’ படத்தை இசையும் ஒலியும் சேர்க்காமல் பார்த்த ஒரு ஸ்டுடியோ அதிகாரி சிறிதும் அஞ்சவில்லை என்று கார்ப்பென்டரே எழுதியிருக்கிறார். அதன் பிறகே அவர் தாமே அமைத்த இசையைக் கொண்டு படத்தைக் காப்பாற்ற முனைந்தார். இதனை மறுக்கவில்லை. ஆனால் அந்த இசை செய்யும் வேலை என்ன? ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி, கொலையாளி அருகில் இருக்கும்போது மட்டுமே இசை ஒலிக்கவேண்டும் என்று முடிவு செய்தார். அதாவது அந்த இசை ஒரு சுட்டு. ‘இதோ இங்கே’ என்று விரல் நீட்டுகிறது, எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்வதில்லை. அதில் வரும் ‘கி கி கி, மா மா மா’ என்னும் கிசுகிசுப்பு ‘கில்’, ‘மம்மி’ என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் முதலசைகள். ஓர் ஏவலும் ஒரு விளியும். கொலையாளி தாய் என்பதை அந்த ஒலி காட்சிக்குக் காட்சி அறிவித்துக்கொண்டே இருந்தது. பலர் அதனை ‘சி சி சி, ஹா ஹா ஹா’ என்றே கேட்டனர்.

நான் இதனை எழுதத் துணிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘ஸ்க்ரீம்’ பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும், அவள் ஏன் போனை வைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே ஒருவர் கேட்பார். படத்தை மீண்டும் பார்க்கட்டும். அவள் வைக்கிறாள். குறைந்தது மூன்று முறை வைக்கிறாள். வைத்ததையே அவன் குற்றமாகச் சுமத்துகிறான். கதவைப் பூட்டுகிறாள், காவலரை அழைப்பதாக எச்சரிக்கிறாள், தன் காதலன் வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறாள். ஒரு பெண்ணுக்குக் கற்பிக்கப்பட்ட தற்காப்புகள் அனைத்தையும் அவள் வரிசையாகச் செய்து பார்க்கிறாள். அவள் செய்ததாகக் கொள்ளத்தக்க ஒரே பிழை, மன்னிப்புக் கேட்ட ஒருவனிடம் இரண்டு நிமிடம் இனிமையாகப் பேசியது.

இந்நாட்டில் கைபேசி வைத்திருக்கும் பெண்களுக்கு அந்த இரண்டு நிமிடத்தை விளக்கவேண்டியதில்லை. முன்பின் அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். எடுத்தால், நீங்கள் யார் பேசுவது என்று அவன் கேட்பான். அழைத்தவன் நீதானே, நீ சொல் என்றால் சிரிப்பான். வைத்தால் மீண்டும் ஒலிக்கும். கடுமையாகப் பேசினால் ஏன் இவ்வளவு கோபம் என்பான். பணிவாகப் பேசினால் அதனை இசைவாகக் கொள்வான். என் விடுதித் தோழிகள் பலரின் கைபேசிகளில் ‘எடுக்காதே 1’, ‘எடுக்காதே 2’ என்று பெயரிட்டுச் சேமித்த எண்கள் உள்ளன. புகார் சொன்னால் கேட்கப்படும் முதற்கேள்வியும் ஏறத்தாழ அந்தப் பார்வையாளரின் கேள்வியே: நீ ஏன் எடுத்தாய், ஏன் பேசினாய்? அழைத்தவனின் இடத்தை ஒருவரும் கேட்பதில்லை. எடுத்தவளே தான் நின்ற இடத்துக்கு விளக்கம் சொல்லவேண்டும்.

இதனால்தான் அக்காட்சியை வெறும் கேளிக்கை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. நல்ல ஸ்லாஷர் தொடக்கம் பெண்ணைக் கொல்வதால் அச்சம் உண்டாக்குவதில்லை. யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார், என்னை எங்கிருந்து பார்க்கிறார் என்று அறியும் உரிமை இல்லாமல் ஒருவர் உரையாடலுக்குள் இழுக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை, அதனை ஒருபோதும் அனுபவித்திராத பார்வையாளரின் உடலிலும் சில நிமிடங்கள் ஏற்றிவிடுகிறது. அதைச் செய்யாமல் குத்துகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டும் தொடக்கங்கள் அருவருப்பைத் தரலாம், அச்சத்தைத் தருவதில்லை. அவற்றில் கொலைகாரன் எப்போதும் ‘அங்கே’, திரைக்குள்ளேயே இருக்கிறான்.

‘ஸ்க்ரீம்’ தொடக்கத்தின் கடைசி நிமிடத்தை ஒருமுறை இந்நோக்கில் பாருங்கள். கேசியின் பெற்றோர் வீடு திரும்புகின்றனர். அவள் அவர்களுக்குச் சில அடி தொலைவில், புல்வெளியில் கிடக்கிறாள். கூப்பிடக் குரல் எழவில்லை. கம்பியில்லாத் தொலைபேசி இன்னும் அவள் கையில் இருக்கிறது. காவலரை அழைக்கத் தாய் வீட்டுக்குள் இருக்கும் மற்றொரு கருவியை எடுக்கிறாள். அதில் மகளின் மூச்சு கேட்கிறது. மகள் மிக அருகில் இருக்கிறாள் என்பதைத் தாய் அறிவது தொலைபேசி வழியாகத்தான். எங்கே என்பது மட்டும் அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.